நல்லதண்ணி பைப்பை எங்கன வைக்க?

என் அக்காவுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. அய்யா சந்தையில் ஆடு பிடித்துக்கொண்டு வந்தால், அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு, "கெழட்டு ஆட்டை உங்க தலையில கட்டிட்டாம்யா" என்பாள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் சமையல்காரரிடமே போய்ச் சொல்லுவாள். மழை இருட்டிக்கொண்டு வருகிறது, காயப்போட்ட வத்தலை அள்ளலாமா வேண்டாமா என்று அய்யாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தால், யாரும் கூப்பிடாமலே நடுவில் வந்து நிற்பாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

"பெரிய மனுசி வந்துட்டா, எல்லாரும் எந்திரிச்சு வழி விடுங்க" என்பார் அய்யா. எல்லோரும் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகும் போகமாட்டாள். "சிரிச்சாச்சுல்லா? இப்ப நான் சொன்னது சரியா தப்பா, அதைச் சொல்லுங்க" என்று நிற்பாள். அவளிடம் எல்லோருக்கும் பிடிக்காதது அதுதான். எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

அவள் போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. குளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மஞ்சள்காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரவில்லை. எழவு வீட்டில் பொம்பளைகள் வட்டம் போட்டு உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அதில் ஒருத்தி, என் அக்கா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள், வாயில்லாப் பூச்சி என்று பாடினாள். செத்துப்போன பொம்பளைப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பாடுவார்கள் போல. தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கோட்டி பிடித்துவிட்டது என்று நினைத்துச் சித்தி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

வாயில்லாப் பூச்சி என்றே ஊர் அவளை மறந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏழாவதோடு நின்றுவிட்டவள் நான். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

எங்கள் ஊர், கோவில்பட்டியில் இருந்து விளாத்திகுளம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. ஊர்க் கிணற்றில் உப்புத் தண்ணீர். துணி துவைக்க, மாட்டுக்குக் காட்ட அது போதும். குடிக்கவும் சோறு பொங்கவும் நல்லதண்ணி வேண்டுமென்றால் பக்கத்து ஊர் ஊருணிக்குத்தான் போகணும். அதற்காக வீட்டுக்கு ஒரு தள்ளுவண்டி உண்டு. பலகையில் குடம் உட்காருகிற அளவுக்கு வட்டம் வட்டமாக வெட்டி, கீழே பழைய சைக்கிள் சக்கரம் மாட்டியிருக்கும். காய்ந்த நாளில் வண்டி சும்மா ஓடும். ஒரு தூறல் விழுந்துவிட்டால் போச்சு. கரிசல் மண் சக்கரத்தை அப்பிக்கொள்ளும். பத்தடி தள்ளுவதும், குச்சியால் மண்ணைச் சுரண்டுவதும், மறுபடி தள்ளுவதுமாக வீடு வந்து சேருவோம்.

தண்ணீர் எடுப்பது பொம்பளைப் பிள்ளைகள் வேலை. அக்காவும் அவள் சேக்காளிகளும் விடியும் முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏறிப் போவார்கள். சாயங்காலம் வந்து இறங்கியதும் வேனில் இருந்து நேராக வண்டிதான். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அக்கா முன்னால் இழுப்பாள், நான் பின்னால் தள்ளுவேன். போகிற வழியெல்லாம் பேச்சுத்தான். ஊரில் யார் யார் தப்பு, எந்தக் கல்யாணம் நிலைக்காது, வேன்காரனை எப்படித் திட்டணும் என்று அந்த வண்டிப்பாதையில் தீர்ப்புச் சொல்லப்படாத விசயமே கிடையாது. ஊருக்குள் வண்டி நுழைந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள், அக்காவைத் தவிர.

அந்த வருசம்தான் எங்கள் ஊருக்கு நல்லதண்ணி பைப்பு வரப்போகிறது என்று சொன்னார்கள். ரோட்டு ஓரமாகக் குழி வெட்டிக் குழாய் பதித்துக்கொண்டே வந்தார்கள். ஊருக்கு ஒரே ஒரு பைப்பு, இடத்தை ஊர்க்காரர்களே காட்டுங்கள் என்று வேலை பார்த்த மேஸ்திரி சொல்லிவிட்டார். உடனே ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் கல்யாணம் ஆன ஆண்கள்தான் உட்காருவார்கள். பொம்பளைகள் தள்ளி, சுவர் ஓரமாக நின்று கேட்கலாம். எங்களை மாதிரிப் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அன்றைக்குக் கூட்டத்தில் சண்டையே வரவில்லை. அதுவே அதிசயம். ஊர்ப் பெரியவர் எங்களுக்குப் பெரியப்பா முறை. "மொதத் தண்ணி நம்ம அம்மன் வாசல்ல விழட்டும்யா" என்று அவர் சொன்னதும் எல்லோரும் கையைத் தட்டிவிட்டார்கள். அம்மன் கோயில் நடு ஊரில் இருக்கிறது, எல்லோருக்கும் பொது, கொடைத் திருவிழாவுக்கும் தண்ணீர் வசதி. அய்யா வீட்டுக்கு வந்து சந்தோசமாகச் சொன்னார். அம்மா கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். மறுநாள் கோயில் வாசலில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் வந்தால் எனக்குப் பயமாக இருக்கும். பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"ஏட்டி, அந்த நாள்ல எப்படிட்டி தண்ணி பிடிக்க?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

எங்கள் ஊரில் பொம்பளைகள் வீட்டுக்குத் தூரமாகிவிட்டால் கோயில் தெருவுக்குள் கால் வைக்கமாட்டார்கள். மேலத்தெருவில் இருந்து கீழத்தெருவுக்குப் போகணும் என்றால்கூட, ஊரைச் சுற்றி வேலிமுள்ளுக்குள் நடந்துதான் போவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். ஊருணிக்குப் போகிற பாதை கோயிலைத் தொடாமல் போவதால் இத்தனை நாளும் அதனால் தண்ணீருக்குக் குறை வந்ததில்லை. இப்போது தண்ணீரைக் கொண்டுபோய் அம்மன் வாசலில் வைத்தால், தண்ணீர் எடுக்கிறவர்கள் மாதம் மூணு நாள் அந்தப் பக்கமே போக முடியாது. எங்கள் வீட்டில் அம்மா, அக்கா இரண்டு பேர். நானும் சீக்கிரம் சேரப்போகிறவள். தண்ணீரே எடுக்காத ஆண்கள் உட்கார்ந்து கையைத் தட்டி முடிவு எடுத்தால் இப்படித்தானே ஆகும்?

வீட்டுக்கு வந்ததும் அக்கா அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடுப்பில் இருந்து திரும்பவே இல்லை.

"எனக்குத் தெரியும்ட்டி."

"தெரியுமா? தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

"யாருகிட்ட? ஆம்பளைய காதுல விழுற பேச்சா அது? கூறுகெட்டவளே."

"அப்ப தண்ணிக்கு?"

"பக்கத்து வீட்டுல ஒரு கொடம் கேட்டு வாங்கிக்கிடணும்."

"பக்கத்து வீட்டுலயும் தூரமா இருந்தா?"

"அடுத்த வீட்டுல."

"ஊரே தூரமா இருந்தா அம்மனே எடுத்துக் கொண்டாந்து ஊத்துவாளாக்கும்."

அம்மா கையில் இருந்த அகப்பையால் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டு அவளே சிரித்துவிட்டாள். ஊரில் எல்லாப் பொம்பளைகளுக்கும் இது தெரிந்திருக்கிறது. எல்லோரும் தெரிந்துகொண்டுதான் சுவர் ஓரமாகப் பேசாமல் நின்றிருக்கிறார்கள். அதை நினைத்து நினைத்து அக்கா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்தது அய்யா. அய்யாவிடம் நேராகச் சொல்ல அவளுக்கே கூச்சம். கூச்சம் அவளுக்கு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களை மாதிரி அவளுக்கும் முகம் சிவக்கும், நாக்கு ஒட்டும். அதனால் வேறு வேறு காரணமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அய்யா, கோயில் வாசல் பள்ளமா கெடக்கு. தண்ணி சிந்தினா கரிசல் சகதி ஆயிரும். வண்டி நிக்காது."

"கல்லு பதிச்சிருவோம்."

"கொடை அன்னைக்குக் கூட்டத்துல கொடத்தை எங்கன வைக்க?"

"கொடை வருசத்துக்கு ஒருக்கத்தானட்டி."

"நாயி வந்து வாயை வைக்கும்."

"எந்த எடத்துல வச்சாலும் நாயி வரும். நாயிக்கு அம்மன் கோயிலு, பிள்ளையார் கோயிலுன்னு தெரியுமா?"

அய்யா நல்ல குசியாக இருந்தார். மகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்கிறோம் என்று அவருக்குச் சந்தோசம். அக்கா சொன்ன ஒவ்வொரு காரணமும் பொய்க்காரணம் என்பதால் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தது. கடைசியில் அவள் தரையைப் பார்த்தபடி உண்மையைச் சொன்னாள். ஒரே மூச்சில், அழுகிற குரலில், "நாங்க தூரமா இருக்கையில அந்தத் தெருவுக்கு எப்படிய்யா போவோம்?" என்று கேட்டுவிட்டாள்.

அய்யா முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு சில நாள் அவர் அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை. சோறு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் கேட்டார்.

அக்கா நொந்துபோனாள். "நான் என்ன அசிங்கமா பேசிட்டேன்?" என்று என்னிடம் கேட்டாள். "அவிய சிரிச்சாலும் பரவாயில்லைட்டி. திட்டினாலும் பரவாயில்லை. நான் சொல்லாத மாதிரியே இருக்காவ பாரு, அதான் தாங்க முடியலை."

அவள் மாதிரி எனக்குப் பேச வராது. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

மேஸ்திரி ஆட்களோடு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தீப்பெட்டி ஆபீஸ் லீவு. ஊர் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் கோயில் முன்னால் கூடியிருந்தார்கள். பூசாரி சூடம் காட்டி, முதல் வெட்டுக்குப் பெரியப்பா கையில் கடப்பாரையைக் கொடுத்தார். நாங்கள் ஊருணிக்குக் கிளம்பி, வண்டிகளோடு தெரு முனையில் வேப்பமரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தோம். அக்கா வண்டியின் கைப்பிடியை என் கையில் கொடுத்தாள்.

"பிடிச்சுக்கோ."

"எங்க போற?"

"வாரேன்."

பாவாடையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். நான் வண்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். பாதித் தெருவில் எனக்குப் பயம் வந்து ஒரு வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"பெரியப்பா, ஒரு வார்த்தை."

பெரியப்பா கடப்பாரையை ஓங்கியவர் இறக்கினார். "என்னட்டி? உங்கய்யனைத் தேடுதியா? அன்னா நிக்கான்."

"இல்லை. உங்ககிட்டத்தான். பைப்பை இங்கன வைக்காதீய."

பலசரக்குக் கடை அண்ணாச்சி சத்தமாகச் சொன்னார்: "ஏலே, பெரிய என்சினீயரு வந்துருக்கா, எல்லாரும் கேட்டுக்கோங்கலே." எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார்.

அக்கா சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றாள். அவளுடைய முதுகைத்தான் நான் பார்த்தேன். தாவணி நுனியைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"மாசத்துல மூணு நாளு எங்களால இந்தத் தெருவுக்குள்ள வர முடியாது. உங்க எல்லாருக்கும் தெரியும். அந்த மூணு நாளும் உங்க வீட்டுக்கு யாரு தண்ணி எடுப்பா? நீங்க எடுப்பீயளா?"

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாடா, அந்தக் கூட்டத்தைப் பார்க்கணுமே. ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். ஒருத்தர் ஆகாயத்தைப் பார்த்தார். கடைக்கார அண்ணாச்சி, தான் அங்கே இல்லாத மாதிரி மீசையைத் தடவினார். சுவர் ஓரத்தில் நின்ற பொம்பளைகள் பக்கம் பார்த்தேன். அம்மாவும் அங்கே நின்றாள். ஓடிவந்து அக்கா மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மற்றப் பொம்பளைகளும் நகரவில்லை.

"பொட்டப்புள்ள சபையில பேசுற பேச்சாட்டி இது?" என்றார் பூசாரி.

"எந்தச் சபையில பேசணும்னு சொல்லுங்க சின்னையா, அங்கன போய்ப் பேசுதேன்."

பெரியப்பா கையைத் தூக்கினார். அவர் கெட்ட மனுசர் இல்லை. அவருக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டால் அதை அம்மன் தலையில் தூக்கி வைத்துவிடுவார், அவ்வளவுதான். "சரி, சரி. நாம என்னத்தைச் சொல்ல? ஆத்தாகிட்டயே பூக்கட்டிக் கேட்ருவோம்" என்றார்.

பூக்கட்டிக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். ஒன்றும் அறியாத ஒரு பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. ஆண்களுக்கு உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஆளாளுக்கு அரளிப்பூப் பறிக்க ஓடினார்கள்.

அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள். "அம்மன்கிட்டக் கேக்கீய, சரி. எங்ககிட்ட ஏன் பெரியப்பா கேக்க மாட்டீய? கொடம் தூக்கப்போறது நாங்கதான?"

அதற்குள் பொட்டலம் போட்டாகிவிட்டது. கடைக்கார அண்ணாச்சியின் பேத்தி, மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற குட்டி, போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா சொல்லிட்டா!" என்று ஒரு சத்தம். ஒருத்தர் குலவை போடச் சொன்னார். பொம்பளைகள் யாரும் போடவில்லை. பெரியப்பா பெருமூச்சு விட்டு மறுபடி கடப்பாரையை எடுத்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழணும் போல இருந்தது. அக்கா தோற்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அக்கா அம்மனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். திரும்பி, ரொம்பச் சாந்தமாக, "சரி பெரியப்பா, இங்கனயே வைங்க" என்றாள். "இனி தூரமா இருந்தாலும் நாங்க இங்கன வருவோம்."

"என்னது?" என்றார் பூசாரி.

"ஆத்தாவே இங்கன வைக்கச் சொல்லிட்டாள்லா. தண்ணி எடுக்குதது யாருன்னு அவளுக்குத் தெரியாதா? அவளும் பொம்பளைதான? தெரிஞ்சுதான சொல்லியிருக்கா. அப்ப அந்த நாள்லயும் எங்களை வாங்கன்னுதான கூப்பிடுதா."

நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் இதை முன்னாலேயே யோசித்து வைத்திருக்கவில்லை. பிறகு கேட்டேன். "வெள்ளைப்பூவைப் பார்த்ததும் தோத்துட்டோம்னுதான் நானும் நெனச்சேன்ட்டி. பெறகு என்னமோ வாயில வந்துச்சு" என்றாள்.

பூசாரிக்கு வேர்த்துவிட்டது. கோயில் தெருவில் தீட்டா? அம்மன் வாசலில் தீட்டா? ஆனால் அம்மன் கொடுத்த பூ கையில் வெள்ளையாக இருக்கிறது. அவர் பூவைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார், கடைசியில் அந்தக் குட்டியைப் பார்த்தார்.

"ஏட்டி, எந்தக் கையால எடுத்தே?"

குட்டி பயந்துபோய் இடது கையைக் காட்டியது. வலது கையில் முறுக்கு இருந்தது.

"பீச்சாங்கையால எடுத்துருக்கு! செல்லாது, செல்லாது!" பூசாரி குதித்தார். "ஆத்தா ஒண்ணும் சொல்லலைய்யா, இது கணக்குல சேராது!"

"மறுக்க ஒருக்கக் கட்டுவோமா?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடி வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர்களே பயந்து பேசாமல் இருந்துவிட்டார்கள். மேஸ்திரி, "எண்ணே, எங்கனயாவது ஒரு எடத்தைச் சொல்லுங்க, ஆளுக சும்மா நிக்காவ" என்று பொறுமை இழந்தார்.

அப்போதுதான் அய்யா முன்னால் வந்தார். சபையில் அய்யா பேசி நான் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் கடைசி ஆளாக உட்கார்ந்து கடைசி ஆளாக எழுந்து வருகிறவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரியப்பா முன்னால் நின்றார்.

"எண்ணே, இதை எங்கிட்ட முந்தியே சொல்லிட்டா. பெத்த பிள்ளை இவ்வளவு வெளிப்படையாச் சொன்னதை, நான் வந்து சபையில எப்படிச் சொல்லன்னு தெரியாம இத்தனை நாளும் முழிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவ மூஞ்சியைப் பாக்கவே எனக்கு வெக்கமாப் போச்சு. எனக்கு வாய் வரலை. அவளுக்கு வந்துருச்சு. கேளுங்கண்ணே."

அக்கா அய்யாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுததை அந்த ஒரு தடவைதான் ஊர் பார்த்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அய்யாவை இன்றைக்கும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மகள் போன பிறகு அவர் ஆளே பாதியாகிவிட்டார். ஆனால் அவளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அன்றைக்குக் கோயில் வாசலில் நடந்ததைத்தான் சொல்லுவார். தான் சொன்னதை விட்டுவிடுவார். அவள் சொன்னதை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லுவார்.

பெரியப்பா கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, வாழ்நாளில் அவர் யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியை, பதினாறு வயசுப் பிள்ளையிடம் கேட்டார்.

"அப்ப எங்கனட்டி வைக்கச் சொல்லுதே?"

அவள் ஒரு இடத்தைக் கை காட்டியிருக்கலாம். எங்கள் வீட்டுப் பக்கம் காட்டியிருந்தால்கூட அந்த நேரத்தில் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். அய்யாவே அதைத்தான் எதிர்பார்த்தாராம், பிறகு சொன்னார்.

"செத்த பொறுங்க பெரியப்பா. கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி நடந்தாள்.

"யாருகிட்டட்டி கேக்கப்போறே?" என்று கடைக்கார அண்ணாச்சி பின்னால் இருந்து கத்தினார். அவள் திரும்பவில்லை. போகிற போக்கில் சுவரோடு ஒட்டி நின்ற என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வேப்பமரத்தடியில் பிள்ளைகள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அக்கா ஒவ்வொருத்தி முன்னாலும் போய் நின்று கேட்டாள். ஒருத்தி ஊர் முனையில் வைத்தால் நல்லது, கோயிலும் தொடாது, இரண்டு தெருவுக்கும் நடுவாக இருக்கும் என்றாள். ஒருத்தி மேடான இடமாக இருக்கட்டும், வண்டி சகதியில் சிக்காது என்றாள். ஒருத்திக்கு இளவட்டங்கள் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பேசவே தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு ஊமைக்கோட்டான், பைப்பு உயரமாக இருக்கக் கூடாது, குடம் வைக்கிற அளவுக்கு இருந்தால் போதும் என்றாள். அக்கா அத்தனைக்கும் தலையை ஆட்டினாள். ஊர் முனையில் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டின மேட்டில்தான் பைப்பு வந்தது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

பிறகு என்னிடம் வந்தாள். என்னையும் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டில் கடைக்குட்டி நான். அதுவரைக்கும் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இதைச் செய், அதை எடு, அங்கே போ என்றுதான் சொல்லுவார்கள்.

"உனக்கு எங்கனட்டி வேணும்?"

நான் யோசிக்காமல், "நம்ம வீட்டு வாசல்ல" என்றேன்.

சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தாள்.

"நமக்கு நல்லதுதான். ஆனா கீழத்தெருக் கடைசி வீட்டுப் பிள்ளை அங்கன இருந்து வண்டி தள்ளிக்கிட்டு வரணும்லா. அது வந்து ஏன் இங்கன வச்சீயன்னு கேட்டா நீ என்ன சொல்லுவே?"

கேட்டுவிட்டு நின்றாள். அவள் நிஜமாகவே என் பதிலுக்காக நிற்கிறாள் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழத்தெருவை ஒரு தடவை மனசுக்குள் நடந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு யோசித்தேன்.

"அப்ப ஊர் முனையில வைக்கலாம்" என்றேன்.

"சரி" என்றாள். அவ்வளவுதான். நான் சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதோடு சேர்த்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனாள்.

கோயில் வாசலில் வெயில் ஏறிவிட்டது. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரியின் ஆட்கள் மம்பட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார்கள். பெரியப்பா அங்கிருந்து சத்தம் கொடுத்தார்.

"ஏட்டி, ஆச்சா?"

"இன்னும் ரெண்டு பேரு இருக்காவ பெரியப்பா" என்று அக்கா கத்தினாள்.

பெரியப்பா துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, பொறுமையாக நின்றார்.